பத்து நொடி, எட்டு வழி: எஸ்பி-1200 சாம்ப்ளரும் பால் சி-யின் கைவேலையும்

கலிபோர்னியாவின் ஈ-மு சிஸ்டம்ஸ் நிறுவனம் 1987-ல் எஸ்பி-1200 சாம்ப்ளரை (இசைத்தட்டிலிருந்து சிறு ஒலித்துண்டுகளைப் பதிந்து, பொத்தானை அடித்தால் ஒலிக்கும் கருவி) 2,745 டாலருக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று நல்ல நிலையில் இருக்கும் பழைய பெட்டி அந்த விலைக்குக் கிடைப்பதே அரிது. வாங்க விரும்புகிறவர்கள் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: பழைய ஹிப்-ஹாப் பாட்டுகளில் கேட்கும் அந்தக் கரகரப்பு இதில் வருமா? வரும், தாராளமாகவே வரும். ஆனால் கரகரப்புக்காக மட்டும் இதை வாங்குவது வீண் செலவு. 12 பிட் கரகரப்பை (குறைந்த துல்லியத்தில் ஒலியைப் பதிவதால் வருவது) கணினி மென்பொருளே இன்று போதுமான அளவுக்குத் தந்துவிடுகிறது. இந்தப் பெட்டியின் பலம் அதன் முதுகில் இருக்கிறது. வரிசையாக எட்டுத் தனி அவுட்புட்கள். அவற்றை எதற்கு, எப்படிப் பயன்படுத்துவது என்று தெரிந்தவருக்கு இது வேறு எந்தக் கருவியும் தராததைத் தரும். தெரியாதவருக்கு, பத்தே பத்து நொடி நினைவகம் உள்ள, ஒலி அலையைக் காட்டும் திரைகூட இல்லாத பழைய பெட்டி, அவ்வளவுதான்.

இதை முழுசாகப் புரிந்துகொண்டு வேலை வாங்கியவர்களின் பட்டியலில் ஒரு பெயர் எப்போதும் கீழேயே கிடக்கிறது. நியாயமாக மேலே இருக்க வேண்டிய பெயர். பால் சி. மெக்காஸ்டி. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதிக்காரர். 1964-ல் பிறந்தவர். மாண்டலின்ட்லி ரோட் ஷோ என்ற இசைக்குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவர். பிறகு குவீன்ஸின் ஜமைக்கா பகுதியில் இருந்த 1212 ஸ்டுடியோவில் ஒலிப்பொறியாளராக உட்கார்ந்தார். சூப்பர் லவர் சி - காசனோவா ரட் ஜோடி, மைக்கி டி, அல்ட்ராமேக்னட்டிக் எம்சீஸ், பின்னாளில் ஆர்கனைஸ்ட் கன்ஃப்யூஷன் என்று பெயர் பெற்ற இருவர், இவர்களெல்லாம் அவர் கையால் பதிவானவர்கள். 1989 ஜூலையில், தன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டபோது அவருக்கு வயது 24. எரிக் பி - ராக்கிம் ஜோடியின் அடுத்த ஆல்பத்துக்கு அப்போது வேலை செய்துகொண்டிருந்தார். 1990-ல் அது 'லெட் த ரிதம் ஹிட் எம்' என்று வெளிவந்தது. தயாரிப்பாளர் என்று அவர் பெயர் அதில் இல்லை. அந்த வேலையை எடுத்து நடத்தியவர் அவரிடம் தொழில் பழகிய லார்ஜ் புரொஃபசர். மேல்நிலைப் பள்ளி வயதிலேயே எஸ்பி-1200-ஐ பால் சி-யிடம் கற்றுக்கொண்டவர். அவர் பெயரும் தயாரிப்பாளர் இடத்தில் வரவில்லை. பாடு ஒருவருடையது, பேர் இன்னொருவருடையது என்பது அந்தக் காலத்து ஸ்டுடியோக்களில் சாதாரணம். ஒலிக்கலவைப் பலகையில் உட்கார்ந்திருப்பவர் 'பொறியாளர்' என்றே எழுதப்படுவார், அவர்தான் தாளத்தையே வெட்டி ஒட்டிக் கட்டினார் என்றாலும்.

ஆகவே இந்தக் கருவியை அவர் வேலை செய்த முறையை வைத்தே எடைபோடுவதுதான் சரி.

முதலில் அளவுகள். 12 பிட், நொடிக்கு 26,040 மாதிரிகள் (ஒலியை அளந்து எழுதும் புள்ளிகள்), மொத்தம் 10 நொடி நினைவகம். அந்த 10 நொடியும் 2.5 நொடி வீதம் நான்கு துண்டுகள். ஒரு சாம்பிளின் (பதிந்த ஒலித்துண்டின்) உச்ச நீளமும் அதனால் 2.5 நொடிதான். நான்கு தொகுப்புகளில் எட்டெட்டாக 32 ஒலிகள். ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடியவை எட்டு. உள்ளே நுழையும் வழி ஒன்றே, அதுவும் மோனோ. மின்சாரத்தை நிறுத்தினால் எல்லாம் போய்விடும், அதனால் 3.5 அங்குல ஃப்ளாப்பியில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

2.5 நொடி என்பது எவ்வளவு என்று தாளக் கணக்கில் பார்த்தால்தான் புரியும். நான்கு அடி கொண்ட ஒரு பாரின் (ஒரு தாளச் சுற்றின்) நீளத்தை அறிய, 240-ஐ நிமிடத்துக்கான அடி எண்ணிக்கையால் (பிபிஎம்) வகுக்க வேண்டும். 96 பிபிஎம் வேகத்தில் ஒரு பார் சரியாக 2.5 நொடி. அதைவிட மெதுவான எந்த டிரம் பிரேக்கும் (பாட்டில் டிரம் மட்டும் ஒலிக்கும் பகுதி) ஒரு முழு பாராக உள்ளே போகாது, வால் அறுந்துபோகும். பழைய ஃபங்க் இசைத்தட்டுகளில் 96-க்குக் கீழே எத்தனை இருக்கின்றன என்று பார்த்தால் இந்த எல்லையின் இறுக்கம் தெரியும்.

இதற்கு எல்லோரும் கண்ட வழி: 33 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 33 சுற்று) தட்டை 45-ல் ஓடவிட்டு, வேகமாக உள்ளே வாங்கி, பிறகு பெட்டியில் சுருதியை இறக்குவது. 45-ஐ 33.33-ஆல் வகுத்தால் 1.35. அப்படியானால் 2.5 நொடி இடத்தில் தட்டின் 3.375 நொடி அடங்கும். 72 பிபிஎம்-இன் ஒரு பாருக்கு அது போதும்.

இங்கே இரண்டு சிக்கல்கள் உண்டு. இரண்டையும் பலர் கவனிப்பதே இல்லை.

ஒன்று சுருதி. 1.35 மடங்கு என்பது 5.2 செமிடோன் (அரைச்சுரம்). பெட்டியில் முழுசாக 5 செமிடோன் இறக்கினால், ஒரு செமிடோனில் ஐந்தில் ஒரு பங்கு மேலேயே நிற்கும். டிரம்முக்கு இது பொருட்டில்லை. பேஸ் வரியோ ஹார்ன் துண்டோ என்றால், மேலே யாராவது கீபோர்டு வாசிக்கும்போது இரண்டும் உரசும். இதைச் சரிசெய்ய வேண்டிய இடம் டர்ன்டேபிள். 45-ல் ஓடும்போதே வேகத்தை 1.1 சதவீதம் குறைத்து வைத்தால் உயர்வு கச்சிதமாக 5 செமிடோன் ஆகிவிடும். ஸ்லைடர் உள்ள எந்த டர்ன்டேபிளிலும் இது ஒரு விரல் அசைவு.

இன்னொன்று உச்ச அலைவரிசை. நொடிக்கு 26,040 மாதிரி என்றால் 13,020 ஹெர்ட்ஸுக்கு மேலே எதுவும் பதிவாகாது. 45-ல் வாங்கிய ஒலியைக் கீழே இறக்கும்போது அந்தக் கூரையும் 1.35-ஆல் வகுபட்டு 9,640 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். ஹை-ஹேட்டின் (காலால் மிதித்து மூடும் இரட்டைச் சிம்பலின்) உயிர் அதற்கு மேலேதான் இருக்கிறது. அதனால் பேஸ், ஹார்ன், பியானோ இவற்றை 45-ல் வாங்கலாம். ஹை-ஹேட்டையும் சிம்பலையும் 33-லேயே வாங்க வேண்டும். அவை எப்படியும் 0.1 நொடி, 0.4 நொடி என்ற அளவில்தான் இடம் பிடிக்கும். அங்கே சிக்கனம் பார்த்துப் பயனில்லை.

ஒரு சின்ன விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். தட்டை வேகமாக ஓட்டும்போது ஃபோனோ ப்ரீஆம்ப்பின் (தட்டின் மெல்லிய ஒலியைப் பெருக்கும் கருவியின்) ஆர்ஐஏஏ சமனாக்கம், அதாவது தட்டு வெட்டும்போது மாற்றிய ஒலி அளவுகளைச் சரிசெய்யும் முறை, இடம் மாறிப் பொருந்துகிறது. சுருதியை இறக்கிய பிறகு கேட்டால், 500 ஹெர்ட்ஸிலிருந்து 2,000 ஹெர்ட்ஸ் வரையிலான நடுப்பகுதி ஓரிரு டெசிபெல் தூக்கலாக இருக்கும். 'எஸ்பி சத்தம்' என்று புகழப்படும் அந்த முன்னே தள்ளி நிற்கும் நடுப்பகுதியில் ஒரு பங்கு பெட்டியுடையதே அல்ல, டர்ன்டேபிளுடையது. கணினியில் வெறும் 12 பிட் பிளக்-இன் போட்டுப் பார்த்து 'அது வரவில்லையே' என்று தேடுகிறவர்கள் இதை முயன்று பார்க்கலாம்.

இனி சுருதி இறக்கும் வேலையைப் பெட்டி எப்படிச் செய்கிறது என்று பார்ப்போம். இன்றைய சாம்ப்ளர்கள் இரண்டு மாதிரிகளுக்கு நடுவே கணக்கிட்டு இடைவெளியை நிரப்பும். எஸ்பி-1200 அப்படி எதுவும் செய்யாது. இறக்கும்போது சில மாதிரிகளை இரண்டு முறை வாசிக்கும், ஏற்றும்போது சிலவற்றைத் தாண்டிப் போகும். அந்தப் படிக்கட்டுகள் மூலத்தில் இல்லாத உயர் ஒலிகளை உண்டாக்கும். பிட் எண்ணிக்கையைவிட இதுதான் அந்த மணியடிப்பது போன்ற ரீங்காரத்துக்குக் காரணம். சுருதியைத் தொடாமல் வாங்கிய ஸ்னேரை (டிரம் தொகுப்பின் கூர்மையான அடியை) அப்படியே அடித்தால் அது எதிர்பார்ப்பதைவிட சுத்தமாகவே கேட்கும். பலருக்கு முதல் நாள் ஏமாற்றம் அதனால்தான்.

உள்ளே வாங்கும் அளவில் கவனம் வேண்டும். 12 பிட்டுக்கு 72 டெசிபெல்தான் இடம். ஒவ்வொரு 6 டெசிபெல் குறைவும் ஒரு பிட்டைத் தின்னும். உச்சத்துக்கு 12 டெசிபெல் கீழே வாங்கிய ஸ்னேர் உண்மையில் 10 பிட் ஸ்னேர்தான். அதன் வால் மறையும் இடத்தில் மணல் கொட்டுவது போன்ற ஒலி தனியாகக் கேட்கும். உச்சத்தைத் தாண்டினாலோ தலை நறுக்கென்று வெட்டுப்படும். டேப்பைப் போல இது மென்மையாக மழுங்காது. மீட்டரைப் பார்த்துக்கொண்டே தட்டின் அதே இடத்தை மூன்று நான்கு முறை ஓட்டி, மிகப் பலமான அடி மேல்கோட்டைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி வைத்த பிறகே பதிவை ஆரம்பிக்க வேண்டும். அவசரப்பட்டால் பத்து நொடியையும் திரும்ப நிரப்ப வேண்டியிருக்கும்.

இப்போது பால் சி-யின் வித்தைக்கு வருவோம். உள்ளே நுழையும் வழி மோனோ என்பதைப் பலர் குறையாகச் சொல்கிறார்கள். அவருக்கு அது வாசல்.

1960-களின் ஸ்டீரியோ கலவைகளில் பல, கருவிகளை இடம் வலம் என்று முழுசாகப் பிரித்து வைத்தவை. டிரம் ஒரு பக்கம், ஹார்ன் மறுபக்கம் என்று. இரண்டு பக்கத்தையும் சேர்த்து மோனோவாக வாங்கினால் டிரம்மின் மேலேயே ஹார்ன் உட்கார்ந்திருக்கும், பிரிக்க முடியாது. ஒரு பக்கத்தின் கம்பியை மட்டும் சாம்ப்ளருக்குக் கொடுத்தால் டிரம் தனியாக வந்து நிற்கும். அல்ட்ராமேக்னட்டிக் எம்சீஸின் 1988 ஆல்பமான 'கிரிட்டிக்கல் பீட்டவுன்'-இல் உள்ள 'கிவ் த டிரம்மர் சம்' பாட்டுக்கு அவர் செய்தது இதைத்தான். டீ ஃபெலிஸ் ட்ரியோ வாசித்த 'தேர் வாஸ் எ டைம்' தட்டில் டிரம் இருந்த பக்கத்தை மட்டும் எடுத்து, அடி அடியாக வெட்டி, புதுத் தாளமாகக் கட்டினார். மற்றவர்கள் டிரம் மட்டும் வாசிக்கும் இரண்டு பார் எங்கே வருகிறது என்று தட்டு தட்டாகத் தேடிக்கொண்டிருந்தபோது, பாட்டு முழுக்க டிரம் தனியாகத்தான் இருக்கிறது, நீங்கள் தவறான கம்பியைக் கேட்கிறீர்கள் என்று காட்டியவர் அவர்.

செய்முறை எளிது, பொறுமைதான் வேண்டும். மிக்ஸரில் டர்ன்டேபிளின் இடது வலது இரண்டையும் தனித்தனிச் சேனலாகக் கொடுங்கள். ஒன்றை முழுசாக மூடிவிட்டுக் கேளுங்கள், பிறகு மற்றதை. எந்தப் பக்கம் டிரம் சுத்தமாக இருக்கிறதோ அதை மட்டும் பெட்டிக்கு அனுப்புங்கள். மறுபக்க ஒலி இலேசாகக் கசிவது சகஜம். கார்ட்ரிட்ஜின் (டர்ன்டேபிளில் ஊசியைத் தாங்கும் பாகத்தின்) சேனல் பிரிப்பு 25, 30 டெசிபெல் அளவில்தான் இருக்கும். ஊசி சாய்ந்து பொருத்தப்பட்டிருந்தால் அதுவும் குறையும். கசிவு அதிகமாக இருந்தால் முதலில் தட்டைக் குறை சொல்லாதீர்கள். கார்ட்ரிட்ஜ் முன்பக்கமிருந்து பார்க்கும்போது செங்குத்தாக நிற்கிறதா என்று பாருங்கள்.

வந்த துண்டிலிருந்து ஒரு கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்), ஒரு ஸ்னேர், ஒரு மூடிய ஹை-ஹேட், ஒரு திறந்த ஹை-ஹேட். இவற்றோடு இன்னும் இரண்டை எடுக்க வேண்டும், இதில்தான் கைத்திறன் தெரியும். ஸ்னேருக்கு முன்னால் டிரம்மர் இலேசாக உரசிவிட்டுப் போகும் அந்தச் சன்னமான அடி, கிக்கும் ஹை-ஹேட்டும் சேர்ந்தே விழும் ஒரு அடி. சன்னமான அடி இல்லாமல் கட்டிய தாளம் பெட்டி அடித்தது போல இருக்கும். அதைச் சேர்த்தால் ஆள் உட்கார்ந்து வாசிப்பது போல இருக்கும். பால் சி கட்டியவற்றில் டிரம் இவ்வளவு உயிரோடு இருப்பதன் காரணம் அவர் அடிகளோடு அடிகளின் நடுவே கிடந்த மூச்சையும் சேர்த்து வெட்டியதுதான் என்பது என் கணிப்பு.

வெட்டுவது ஸ்லைடரால். இரண்டு வரித் திரையில் எண்கள் மட்டுமே தெரியும், ஒலி அலையின் படம் கிடையாது. முழுக்கக் காதை நம்ப வேண்டும். தொடக்கப் புள்ளியை அடியின் முனைக்கு மிக நெருக்கமாக வைத்தால் முனை மழுங்கி, கிக் 'டப்' என்பதற்குப் பதில் 'அப்' என்று விழும். முனைக்கு வெகு முன்னால் தள்ளி வைத்தால் அடி தாமதமாகும். தாளம் தள்ளாடுகிறது என்று பலர் சீக்வென்ஸரை (அடிகளை வரிசையாக ஒலிக்கச் செய்யும் பகுதியை) சந்தேகிக்கும்போது தவறு பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். முடிவுப் புள்ளியில் 'டிக்' என்று ஒரு ஒலி கேட்டால் அலை நடுவில் அறுந்திருக்கிறது. டிகேயை (ஒலி தேய்ந்து மறையும் நேரத்தை) சற்றுக் குறைத்தால் மறைந்துவிடும். நிரந்தரமாக வெட்டும் கட்டளையைக் கொடுப்பதற்கு முன்னால் ஃப்ளாப்பியில் எழுதிவிடுங்கள். வெட்டியது திரும்பாது.

இடத்தை அடுக்குவது தனிக் கலை. நான்கு துண்டும் 2.5 நொடி, ஒரு சாம்பிள் இரண்டு துண்டில் பரவ முடியாது. ஒரு உதாரணம்: 2.5 நொடி பிரேக் ஒன்று, ஒரு துண்டு முடிந்தது. பியானோ 2.0, ஸ்னேர் 0.4, மூடிய ஹை-ஹேட் 0.1, இன்னொரு துண்டு விளிம்பு வரை நிறைந்தது. ஹார்ன் 1.5, பேஸ் 1.0, மூன்றாவதும் முடிந்தது. குரல் 1.5, கிக் 0.3, திறந்த ஹை-ஹேட் 0.4. மொத்தம் 9.7 நொடி, மிச்சம் 0.3. சன்னமான அடி இரண்டுக்கு அது போதும். இதையே வரிசை மாற்றி, பியானோவையும் ஹார்னையும் ஒன்றாகப் போட முயன்றால் 3.5 நொடி ஆகும், உள்ளே போகாது. மொத்தத்தில் இடம் இருந்தும் துண்டில் இடம் இல்லை என்ற நிலை அடிக்கடி வரும். பெரியதை முதலில் வைத்து, சில்லறையைக் கடைசியில் செருகுவதுதான் வழி.

எட்டு அவுட்புட்களும் ஒரே மாதிரி அல்ல என்பது கையேட்டைத் திறக்காதவர்களுக்குத் தெரியாமலே போகிறது. 1, 2 இரண்டிலும் எஸ்எஸ்எம்2044 அனலாக் ஃபில்டர் (உயர் ஒலிகளை வடிகட்டும் சிப்) இருக்கிறது. ஒலி தொடங்கும்போது திறந்து, தேயத் தேய மூடும். 3 முதல் 6 வரை நிலையான ஃபில்டர். 7, 8-ல் ஃபில்டரே இல்லை, படிக்கட்டு ஒலி அப்படியே வெளியே வரும். எனவே பேஸ் 1-ல் அல்லது 2-ல், அங்கே அது உருண்டு திரண்டு, மேலே உள்ள சலசலப்பு உதிர்ந்து வரும். கிக் 3 முதல் 6-க்குள். ஸ்னேரும் ஹை-ஹேட்டும் 7, 8-ல். இதைத் தலைகீழாக வைத்துவிட்டு 'சத்தம் மந்தமாக இருக்கிறது' என்று புலம்புவதில் அர்த்தமில்லை. ஒரே ஸ்னேரை 1-லும் 8-லும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டால் இரண்டும் வெவ்வேறு கருவிகளோ என்று தோன்றும்.

ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு ஒலிதான். பின்னால் வருவது முன்னதை வெட்டிவிடும். திறந்த ஹை-ஹேட்டையும் மூடியதையும் ஒரே சேனலில் போட்டால், நிஜ டிரம்மில் கால் மிதிப்பது போலவே மூடியது திறந்ததை நிறுத்தும். கிக்கையும் பேஸையும் ஒரே சேனலில் போட்டால் கிக் விழும் ஒவ்வொரு முறையும் பேஸ் ஒரு கணம் விலகும். கீழ்ப்பகுதி குழம்பாமல் இருக்கும். தெரியாமல் போட்டால் இதுவே பிழையாகத் தெரியும், பாதி பேஸ் வரியைக் காணோம் என்று தேட வேண்டியிருக்கும்.

ஒரு ஒலிப்பொறியாளருக்கு இந்த எட்டு வழி எதைத் தருகிறது? கிக்குக்கு ஒரு டேப் டிராக், ஸ்னேருக்கு ஒன்று, ஹை-ஹேட்டுக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனி சமனாக்கம், தனி கம்ப்ரஷன் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைத்தல்), தனி எதிரொலி. இருபது வருடங்களுக்கு முன்னால் வேறொருவர் கலந்து முடித்த தட்டிலிருந்து எடுத்த டிரம்மை, இன்று காலை மைக் வைத்துப் பதிவு செய்தது போல மறுபடி கலக்கலாம். ஒரு லூப்பை (திரும்பத் திரும்ப ஒலிக்கும் துண்டை) அப்படியே சுழலவிட்டால் இது முடியாது. லூப்பில் கிக்கைத் தூக்கினால் அதனுடன் பேஸும் எழும். பால் சி-யிடம் டிரம் அவ்வளவு பெரிதாக, அவ்வளவு தனியாக நின்றதற்கு விடை இங்கே இருக்கிறது. தட்டில் பக்கம் பிரித்தது ஒரு பிரிவு, அடி அடியாக வெட்டியது இரண்டாவது, அவுட்புட் வாரியாக டேப்புக்கு அனுப்பியது மூன்றாவது. எஸ்எம்பிடிஇ நேரக்குறி படிக்கும் வசதியும் பெட்டியிலேயே இருப்பதால், டேப்போடு பூட்டி, முதல் சுற்றில் எட்டு டிராக்கைப் பதிந்துவிட்டு, புதிதாக பத்து நொடியை நிரப்பிக்கொண்டு அதே பாட்டுக்கு இரண்டாவது சுற்று போகலாம். நினைவகம் பத்து நொடி என்றாலும் பாட்டு பத்து நொடிக்குள் அடங்க வேண்டியதில்லை.

ஸ்விங் பற்றி நிறையக் கட்டுக்கதைகள் உலவுகின்றன. இருப்பது 54, 58, 63, 67, 71 என்ற சதவீதங்கள். பதினாறாம் பங்கு அடிகள் இரண்டிரண்டாக வரும்போது, முதலாவது எவ்வளவு நேரத்தை எடுத்துக்கொள்கிறது என்பதே அந்த எண். 96 பிபிஎம்-ல் 58 வைத்தால் இரண்டாவது அடி 25 மில்லிநொடி தள்ளி விழும். 63 வைத்தால் ஏறக்குறைய 41. மந்திரம் எதுவும் இல்லை. ஆனால் ஹை-ஹேட்டுக்கு மட்டும் ஸ்விங் கொடுத்து, ஸ்னேரை நேராக விட்டால் வரும் அசைவு அலாதியானது.

வாசித்து மகிழ ஒரு வசதி: மல்டி-பிட்ச். ஒரே ஒலியை எட்டுப் பொத்தான்களிலும் எட்டுச் சுருதியாகப் பரப்பும். தட்டிலிருந்து ஒரே ஒரு பேஸ் சுரம் எடுத்து முழு வரி வாசிக்கலாம். பேஸ் வாசிப்பவர் கையில் இது எப்படிப் பேசும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதே காலத்துப் போட்டியாளரான ஆகாய் எம்பிசி60 1988-ல் வந்தது. அதுவும் 12 பிட்தான், ஆனால் நொடிக்கு 40,000 மாதிரி, 13 நொடி நினைவகம், பதினாறு பேட். சுத்தமான ஒலியும் வசதியான விரல்வாசிப்பும் வேண்டுமென்றால் அது மேல். எஸ்பி-யின் டிரம் முகத்தில் அறைவது போல வரும், எம்பிசி-யின் டிரம் அறைக்குள் உட்கார்ந்திருப்பது போல வரும். நியூயார்க்கில் பலர் எஸ்பி-யோடு ஆகாய் எஸ்950 சாம்ப்ளரையும் பக்கத்தில் வைத்தார்கள். டிரம் இதில், நீண்ட பேஸ் வரிகளும் லூப்புகளும் அதில். பத்து நொடிப் பற்றாக்குறைக்கு இது நல்ல மருந்து.

வாங்கும் வழிகளைப் பார்ப்போம். 1990-களிலேயே ஒரு முறை நிறுத்தப்பட்டு மறுபடி தயாரிக்கப்பட்ட கருவி இது. வடிவமைத்த டேவ் ராசம், தன் ராசம் எலக்ட்ரோ-மியூசிக் நிறுவனம் வழியாக 2021-ல் 3,999 டாலருக்குப் புதிதாகக் கொண்டுவந்தார். ஃப்ளாப்பிக்குப் பதில் எஸ்டி கார்டு, கூடுதல் நினைவகம். வேலைக்கு வேண்டும், பழுதுபார்க்கப் பொழுதில்லை என்பவர் யோசிக்காமல் அதற்குப் போகலாம். ஐலா இன்ஸ்ட்ருமென்ட்ஸின் எஸ்2400-ம் இருக்கிறது. 26 கிலோஹெர்ட்ஸ் 12 பிட் முறையோடு, எட்டுத் தனி அவுட்புட்களும் நவீன வசதிகளும் உண்டு. நீண்ட சாம்பிளும் திரையும் இல்லாமல் முடியாதவருக்கு அது பொருந்தும்.

எட்டு அவுட்புட்டையும் செருக எட்டு சேனல் கொண்ட மிக்ஸரோ ஆடியோ இன்டர்ஃபேஸோ இல்லாதவர் எதையும் வாங்காமல், முதலில் அதை வாங்குவது நல்லது. எல்லா ஒலியும் கலந்து வரும் மிக்ஸ் அவுட்புட் ஒன்றை மட்டும் கணினியில் செருகி எஸ்பி-1200 பயன்படுத்துவது, எட்டு அறை வீட்டை வாங்கித் திண்ணையில் படுத்துக்கொள்வது போன்றது.

பழைய பெட்டிதான் வேண்டும் என்பவர் நேரில் போய்ப் பாருங்கள். ஃப்ளாப்பி டிரைவ்தான் முதலில் சாகும். புதிய டபுள் டென்சிட்டி ஃப்ளாப்பிகள் கிடைப்பது கஷ்டம். ஹை டென்சிட்டி ஃப்ளாப்பியின் துளையை ஒட்டி மூடிப் பயன்படுத்தினால் இன்று எழுதும், அடுத்த மாதம் படிக்காது. எச்எக்ஸ்சி போன்ற எமுலேட்டர் (ஃப்ளாப்பி டிரைவுக்குப் பதிலாக வேலை செய்யும் மாற்றுக் கருவி) ஏற்கெனவே பொருத்தியிருந்தால் அதைக் குறையாக எண்ண வேண்டாம், லாபம்தான். ஸ்லைடர்களை ஒவ்வொன்றாக மேலும் கீழும் தள்ளி, திரையில் எண் தாவாமல் மாறுகிறதா என்று பாருங்கள். தாவினால் தூசியாக இருக்கலாம், தேய்மானமாகவும் இருக்கலாம். பொத்தான்களை மெதுவாகவும் வேகமாகவும் இருபது முறையாவது அடியுங்கள். ஒரு அடிக்கு இரண்டு அடி விழுந்தால் சுவிட்சை மாற்ற வேண்டும். அரை மணி நேரம் ஓடவிட்டு, மிக்ஸ் அவுட்புட்டில் உறுமல் ஏறுகிறதா என்று கேளுங்கள். ஏறினால் பவர் சப்ளையின் மின்தேக்கிகள் வயதாகிவிட்டன. மாற்றுவது பெரிய செலவில்லை, விலையில் கழித்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஃபில்டர். கையோடு நீண்ட சிம்பல் ஒலி உள்ள ஒரு தட்டைக் கொண்டுபோய் 2 நொடிக்குச் சாம்பிள் எடுத்து, அதை முதலில் 8-ஆம் அவுட்புட்டிலும் பிறகு 1, 2 இரண்டிலும் ஒலிக்கவிடுங்கள். 8-ல் கடைசி வரை பளபளப்பாகவே இருக்கும். 1-லும் 2-லும் தேயத் தேய இருண்டுகொண்டே போக வேண்டும், இரண்டும் ஒரே வேகத்தில். ஒன்று இருண்டு மற்றது இருளாமல் நின்றாலோ, இரண்டுமே 8-ஐப் போலவே கேட்டாலோ எஸ்எஸ்எம்2044 சிப்பிலோ அதன் சுற்றிலோ கோளாறு. அந்தச் சிப்பின் உற்பத்தி எப்போதோ நின்றுவிட்டது, விற்பவர் சொல்லும் விலைக்கு அந்தப் பெட்டியை எடுக்காதீர்கள்.